அரிசிப் பையிலிருந்து டம்பெல் வரை: நாற்பதைத் தாண்டியவர் வீட்டுக்கு எடைக்கருவி வாங்குவது எப்படி?

நான் முதலில் வாங்கியது ஒரு ஜோடி 10 கிலோ டம்பெல். அப்போது எனக்கு வயது 47. ஏன் பத்து கிலோ என்று கேட்டால், சொல்ல ஒரு காரணமும் இல்லை. கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தலைக்கு மேல் தூக்கினேன். மூன்று தடவைக்கு மேல் போகவில்லை, இடது தோள் வேறு முனகியது. பக்கவாட்டில் கையை விரித்துத் தூக்கப் பார்த்தேன், அசையவே இல்லை. அதே டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தோளுக்கு அதிகமான எடைதான் தொடைக்குக் குறைவாக இருந்தது. அந்த ஜோடி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. படுக்கையறைக் கதவு காற்றில் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

நான் பயிற்சியாளன் இல்லை. சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கும், தப்புத் தப்பாக வாங்கிப் பிறகு திருந்திய ஆள். கற்றுக்கொண்டது இதுதான்: கருவி எத்தனை கிலோ வரை போகும் என்று எல்லோரும் கேட்கிறோம். அது எவ்வளவு சின்னச் சின்ன அளவில் ஏறும், நம் வீட்டில் எங்கே இருக்கும் என்ற இரண்டையும் முதலில் கேட்டிருந்தால் என் பணம் பாதி மிஞ்சியிருக்கும்.

முதலில் டாக்டர், அப்புறம் கடை

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியும் சிங்கப்பூரின் 2022 உடலியக்க வழிகாட்டியும் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கின்றன. தினமும் பத்தாயிரம் காலடி நடப்பவர்களும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். நடை நல்லதுதான், ஆனால் அது வேறு பாடம். நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம், சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான்.

40 வயதைத் தாண்டியவர்கள் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. பதிந்திருந்தால் அவரிடமே போங்கள், இல்லையென்றால் பலதுறை மருந்தகம். “எக்சர்சைஸ் செய்யலாமா டாக்டர்?” என்று பொதுவாகக் கேட்டால் “தாராளமாகச் செய்யுங்கள்” என்று பதில் வரும், இருவருக்கும் வேலை முடிந்துவிடும். “எடை தூக்கப்போகிறேன்” என்று சொல்லியே கேளுங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, குடலிறக்கம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவு இருந்தால் கண்ணையும் கேட்க வேண்டும். விழித்திரை முற்றிப் பாதிக்கப்பட்டவர்கள் மூச்சை அடக்கிப் பாரம் தூக்குவது ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயிற்சியால் சர்க்கரை இறங்கலாம் என்பதால் எப்போது சாப்பிடுவது, எப்போது சோதிப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு வாரம் ஒன்றும் வாங்காதீர்கள்

வீட்டில் 5 கிலோ அரிசிப் பை இருக்கும். பிள்ளையின் பழைய பள்ளிப் பையில் அதை வைத்து ஜிப்பை இழுத்து மூடுங்கள், முதல் கருவி தயார். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று ஒன்றரைக் கிலோ. இவற்றைக் கொண்டு வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம்.

பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்து நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையால் பையை இடுப்புவரை இழுங்கள். சமையலறை மேடையில் கையூன்றித் தண்டால் எடுங்கள். தரையில் எடுக்கும் தண்டால் இப்போதைக்கு வேண்டாம், மேடை உயரத்திலேயே நெஞ்சு நடுங்குவது தெரியும். முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பையை முழங்கால்வரை இறக்கி ஏற்றுங்கள். கடைசியாகப் பையை ஒரே கையில் தொங்கவிட்டு வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடங்கள். பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்குங்கள்.

இந்த நாலு வாரத்தில் பெரிய தசை ஒன்றும் வந்துவிடாது. ஆனால் வாரத்தில் எந்த இரண்டு நாள் உண்மையிலேயே நேரம் கிடைக்கிறது, வீட்டின் எந்த மூலையில் யார் காலிலும் இடறாமல் செய்ய முடிகிறது, எந்த மூட்டு வலிக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மூன்றாம் வாரமே விட்டுவிட்டீர்கள் என்றால் அரிசியைச் சமைத்துச் சாப்பிடலாம். டம்பெல்லை அப்படிச் செய்ய முடியாது.

நாலாவது வாரம் ஒரு வேலை. அருகிலுள்ள ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக் கூடத்துக்கு இரண்டு முறை போய் வாருங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் குறைவுதான். அங்கே டம்பெல்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். கையில் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு பயிற்சியிலும் 10 முறை தூக்கிய பின் ‘இன்னும் இரண்டு மூன்று தூக்கலாம்’ என்று தோன்றுகிற எடை எது? அதை எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் பக்கவாட்டுக் கைக்கு 3 கிலோ, தோளுக்கு மேல் 6, முதுகுக்கு இழுப்பது 10, தொடைக்கு 18 என்று இருந்தது. இந்த நாலு எண்கள் எந்த விற்பனையாளரையும்விட நன்றாக ஆலோசனை சொல்லும். பக்கத்தில் இருபது வயதுப் பையன் 30 கிலோவை ஆட்டிக்கொண்டிருப்பான், அவனைப் பார்க்காதீர்கள்.

அளக்கும் நாடாவை எடுங்கள்

இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மின்விசிறி, அலமாரிக் கதவு, டிவி எதிலும் இடிக்கவில்லை என்றால் அந்த இடம் போதும். இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் கிடைத்தால் ராஜயோகம்.

இரு முனையிலும் தட்டு மாட்டும் நீளக் கம்பியான பார்பெல் மேல் ஆசை இருப்பவர்கள் இதைக் கேளுங்கள். ஒலிம்பிக் கம்பி ஒன்று 2.2 மீட்டர் நீளம், வெறுங்கம்பியே 20 கிலோ. இரு பக்கமும் தட்டு மாட்ட ஆள் நிற்க இடம் வேண்டும். நம் வீட்டுப் படுக்கையறையில் கட்டில் போக அது திரும்பாது. ஆரம்பிப்பவருக்கு 20 கிலோவைத் தோளுக்கு மேல் தள்ளுவதும் பெரும்பாடு. எனவே முதல் வருடம் பார்பெல் வேண்டாம் என்பது என் கட்சி.

தரை தாங்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். குடியிருப்புத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை தாங்கும்படி கட்டுவார்கள். 40 கிலோ இரும்பு ஒரு பொருட்டே இல்லை, மாமா இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்தால் அதைவிட அதிகம். போட்டு உடைப்பதுதான் பிரச்சினை, அதைப் பிறகு சொல்கிறேன்.

தரை எதனால் ஆனது என்பதைப் பாருங்கள். புதிய வீடுகளில் படுக்கையறைக்கு வினைல் போட்டிருப்பார்கள். ரப்பர் பாயை வினைல் மேல் நேரடியாக மாதக்கணக்கில் விரித்துவைத்தால் தரையில் மஞ்சளாகக் கறை பிடிக்கும், துடைத்தாலும் போகாது. நடுவில் ஒரு பிளைவுட் பலகை போடுங்கள், அல்லது பயிற்சி முடிந்ததும் சுருட்டி வையுங்கள். ஓடு பதித்த தரையென்றால் கறைக் கவலை இல்லை, உடையும் கவலை உண்டு.

எங்கே வைப்பது? வீட்டுக்குள் இருக்கும் போர்க்காலப் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டர்தான் எங்கள் வீட்டு எடைக்கிடங்கு. அவசரம் என்றால் 48 மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும் என்பது விதி, டம்பெல்லை நகர்த்த அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் கதவுக்கு அருகிலேயே வையுங்கள். பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால் போன கருவி திரும்பி வராது. துணி காயும் சர்விஸ் யார்டில் ஈரம், இரும்பு துருப்பிடிக்கும். வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சைப் போட நினைக்காதீர்கள், அது தீ விபத்தின்போது வெளியேறும் வழி.

எந்த டம்பெல்?

ஒரே எடையில் வார்த்தெடுத்த டம்பெல், தட்டு மாட்டித் திருகும் டம்பெல், டயல் திருப்பினால் எடை மாறும் டம்பெல் என்று மூன்று வகை. நடுத்தர வயதில் புதிதாகத் தொடங்கும் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதை. அதிலும் எந்தத் தட்டுகள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கைப்பிடி திருகாணியோடு 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டம்பெல்லுக்கு இரண்டு பக்கம், ஆகவே தட்டுகள் இரண்டிரண்டாகத்தான் ஏறும். கடைகளில் கிடைக்கும் மலிவான செட்டில் மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டரைக் கிலோ தாண்ட வேண்டும். நாலரையிலிருந்து நேரே ஏழு! தோளுக்கு அது பாதிக்கு மேல் கூடுதல் சுமை. இருபது வயதுத் தோள் சமாளிக்கும், நம்முடையது சண்டைக்கு வரும். அரைக் கிலோத் தட்டு நாலு சேர்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. 0.5, 1.25, 2.5 கிலோ தட்டுகள் ஒவ்வொன்றிலும் நாலு. இவற்றைக் கொண்டு ஒரு ஜோடி டம்பெல்லை 2, 3, 4.5, 5.5, 7, 8, 9.5, 10.5 என்று எட்டுப் படியில் ஏற்றலாம். மொத்தம் 21 கிலோ இரும்பு. கம்பி நீளம் இடம் கொடுத்தால் எல்லாத் தட்டையும் ஒரே கைப்பிடியில் ஏற்றி 19 கிலோவாக்கித் தொடைக்கு வைத்துக்கொள்ளலாம். என் நோட்டின் நாலு எண்களும் இதற்குள் அடங்கிவிட்டன. ஆறு மாதம் கழித்து 5 கிலோ தட்டு நாலு வாங்கினால் அடுத்த இரண்டு வருடத்துக்குக் கடைப்பக்கம் போக வேண்டாம்.

தட்டின் துளையையும் கம்பியின் தடிமனையும் ஒத்துப்பாருங்கள். சாதாரணக் கம்பிகள் 25 மில்லிமீட்டர், 28, 30 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒலிம்பிக் தட்டின் துளை 50. ஒரு கடையில் கம்பி, இன்னொரு கடையில் தட்டு என்று மலிவு பார்த்து வாங்கி, 25 துளையை 28 கம்பியில் ஏற்றப் பார்த்து ஒரு சனிக்கிழமையை வீணாக்கியிருக்கிறேன். திருகாணிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் தூக்கத் தூக்கத் தளரும். வளையம் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஒரு முறை இறுக்கிக்கொள்வது நல்லது.

சிமென்ட் அடைத்த பிளாஸ்டிக் தட்டுகள் விலை குறைவு. ஆனால் ஒரே எடைக்கு இரும்பைவிட மிகவும் பருமன், விளிம்பு வெடித்தால் தூள் கொட்டும். வார்ப்பிரும்பே மேல்.

டயல் வகை கண்ணைப் பறிக்கும். இடமும் மிச்சம், எடை மாற்ற ஐந்து நொடி. வேலை முடிந்து களைத்து வருபவருக்கு அந்த ஐந்து நொடி பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். குறைகளும் உண்டு. 3 கிலோவுக்கு வைத்தாலும் நீளம் அதேதான், கையை மடக்கும்போது முன்கையில் இடிக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்தால் மொத்தமும் போச்சு. 2025 ஜூனில் போஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் 552, 1090 என்ற இரு வகை டயல் டம்பெல்கள், தூக்கும்போது தட்டு கழன்று விழலாம் என்பதால், அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. ஏறத்தாழ 38 லட்சம் டம்பெல்கள். பழைய பொருளாக இந்த எண்கள் கண்ணில் பட்டால் மலிவு என்று பாயாதீர்கள். எந்த நிறுவனத்தினுடையதானாலும், தாங்கியிலிருந்து எடுத்ததும் முழங்கால் உயரத்தில் லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு தலைக்கு மேல் கொண்டுபோங்கள்.

ஒரே எடை டம்பெல் வாங்குவதென்றால் அறுகோண முனை உள்ளதாக வாங்குங்கள். வட்ட முனை ஓட்டுத் தரையில் உருண்டு யாருடைய கால் விரலையாவது தேடிப் போகும்.

மற்றவை

இழுத்துப் பயிற்சி செய்யும் நீள ரப்பர் பேண்டு. நல்ல துணை, மலிவு, பயணத்துக்கும் ஆகும். ஆனால் நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் லேடெக்ஸ் சீக்கிரம் பிசுபிசுத்து வெடிப்பு விடும். ஒவ்வொரு முறையும் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சின்ன வெடிப்பு தெரிந்தாலும் குப்பைக்குத்தான். வெயில் படாத இடத்தில், கொஞ்சம் முகப்பவுடர் தூவி வையுங்கள். கதவில் மாட்டி இழுப்பதென்றால், நீங்கள் இழுக்கும்போது கதவு மூடிக்கொள்ளும் பக்கம் நில்லுங்கள். மறுபக்கம் நின்றால் என்ன ஆகும் என்பதை என் மூக்கு அறியும்.

கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல்லைப் பார்த்தால் கர்லாக்கட்டை சுற்றிய தாத்தாக்கள் நினைவு வரும், ஆசையும் வரும். பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழவும் ஒரு கையில் சுமந்து நடக்கவும் அருமையான பொருள். வீசிச் சுழற்றுவதை ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள். டிவிக்கு நேர் எதிரே வேண்டாம்.

பெஞ்ச் உடனே தேவையில்லை. தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து டம்பெல்லை மேலே தள்ளலாம். முழங்கை தரையில் தட்டி நிற்பதால் தோள் அளவுக்கு மீறி இறங்காது, வலிக்கிற தோளுக்கு இதுவே பத்திரம். பின்னால் வாங்கும்போது ‘150 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்தால் அது உங்கள் உடம்பும் டம்பெல்லும் சேர்ந்த கணக்கு. கதவு நிலையில் இறுக்கித் தொங்கும் கம்பி வேண்டவே வேண்டாம், பல வீடுகளில் உள்சுவர் மெல்லிய பலகைச்சுவர்.

கடையில்

தெக்கத்லான், முஸ்தபா என்று நேரில் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கடைக்கு ஒரு முறையாவது போங்கள். கைப்பிடியைப் பிடித்து விரல்கள் கட்டைவிரலைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். என் மனைவி தடித்த கைப்பிடிகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டு, “ஏங்க, இது உலக்கை மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னதுதான் சரியான சோதனை. பிடி நழுவினால் தசைக்கு முன் விரல் தோற்றுவிடும்.

ரப்பர் பூசியவற்றை முகர்ந்தும் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். மறுசுழற்சி ரப்பர் சிலவற்றின் வாடை ஏர்கான் போட்டு மூடிய அறையில் வாரக்கணக்கில் போகாது.

இணையத்தில் வாங்கினால் ‘20 கிலோ’ என்பது ஒன்றின் எடையா, ஜோடியின் எடையா, கிலோவா பவுண்டா என்று பாருங்கள். 10 பவுண்டு என்பது நாலரைக் கிலோதான். வெள்ளியைக் கிலோவால் வகுத்து, ஒரு கிலோ என்ன விலை என்று ஒப்பிட்டால் பளபளப்பெல்லாம் கழன்றுவிடும்.

பழைய பொருள் விற்கும் காரோசெல் தளத்தில் டம்பெல் எப்போதும் கிடைக்கும், குறிப்பாகப் புத்தாண்டுத் தீர்மானங்கள் தளர்ந்த பின். இரும்புக்கு வயதாகாது. மேல்துரு கம்பிப் பிரஷ்ஷால் போய்விடும், திருகுப் புரி தேய்ந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் எடை இயந்திரத்தில் வெறுமனே ஒரு முறை, டம்பெல்லோடு ஒரு முறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். தட்டில் எழுதியிருப்பதும் உண்மை எடையும் சில சமயம் ஒத்துப்போகாது.

கொண்டுவருவதைப் பற்றி ஒரு சொல். தேக்காவுக்குக் காய்கறி வாங்க எடுத்துப்போகும் சக்கரப் பையில் 20 கிலோ தட்டைப் போட்டு எம்ஆர்டியில் ஏறினேன். மேம்பாலத்தின் நடுவில் சக்கரம் கழன்றது. மீதி வழி நான் செய்ததுதான் என் வாழ்க்கையின் முதல் முறையான எடைப்பயிற்சி. டெலிவரிக்குச் சொல்லிவிடுங்கள்.

கீழ் வீட்டுக்காரர்

வாங்கிய இரண்டாம் வாரம் மின்தூக்கியில் கீழ் வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) சிரித்துக்கொண்டே, “ராத்திரியில் சம்பால் இடிக்கிறீர்களா?” என்று கேட்டார். டம்பெல்லை மெதுவாகத்தான் வைத்தேன் என்று நான் நினைத்திருந்தேன். கான்கிரீட் தளத்தில் மோதல் அதிர்வு நேரே கீழே இறங்கும். யோகா பாய் அதற்கு ஒன்றும் செய்யாது. 10 முதல் 15 மில்லிமீட்டர் தடித்த ரப்பர் பாய் வேண்டும். அதற்கு மேலும், டம்பெல் வைக்கும் இடத்தில் ஒரு பழைய தலையணை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இரவு நேரத்தில் அமைதி காக்கச் சொல்கிறது. நான் இரவு 9 மணிக்கே முடித்துவிடுவேன். மக்சிக்குக்குத் தீபாவளிக்கு முறுக்கும் போகிறது.

முதல் மூன்று மாதம்

வாரம் இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. அரிசிப் பையில் செய்த அதே பயிற்சிகள்தான், இப்போது டம்பெல்லோடு. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு மூன்று முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். இரண்டு சுற்றிலும் 12 தொட்டால், அதுவும் அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் தொட்டால், ஒரு படி ஏற்றுங்கள். அரைக் கிலோத் தட்டுகளின் அருமை அன்று தெரியும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், கை மரத்துப்போதல் எது வந்தாலும் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். நெஞ்சிறுக்கம் விலகவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

மறுநாள் தசை வலித்தால் சரி. மூட்டுக்குள் குத்தினால் சரியில்லை, அந்தப் பயிற்சியில் இரண்டு படி இறங்குங்கள்.

முடித்ததும் வியர்வையைத் துணியால் துடையுங்கள். மாதம் ஒரு முறை தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டை வெறும் இரும்பு தெரியும் இடங்களில் தடவுங்கள். பாசிர் ரிஸ் மாதிரிக் கடலோரம் இருப்பவர்கள் இன்னும் அடிக்கடி செய்யலாம்.

அடுத்து எதை வாங்குவது என்பதை நோட்டு சொல்லும். தொடைப் பயிற்சியில் எல்லாத் தட்டையும் ஏற்றியும் 12 சுலபமாக வருகிறதென்றால் 5 கிலோ தட்டுகள் நாலு. தரையில் படுத்துத் தள்ளுவது சலிக்க ஆரம்பித்தால் பெஞ்ச். நோட்டில் மூன்று வாரமாக ஒன்றுமே எழுதவில்லை என்றால் எதுவும் வாங்காதீர்கள், பாம் ஷெல்டரில் சூட்கேஸ்களை நகர்த்தி டம்பெல்லை மறுபடி கதவருகே கொண்டுவந்து வையுங்கள்.